துரைக்குப் புது முகம்

என் தம்பி ஜெபசிங் கைக்கடிகாரப் பித்துப் பிடித்து அலைகிறான் என்பதை எனக்கு முதன்முதலில் சொன்னவர் எங்கள் சபையின் உபதேசியார் தங்கையா. உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும், இதில் உட்காருங்கள். மதுரையிலிருந்து அவனுடைய கடிகாரங்களைப் பார்ப்பதற்கென்றே வந்திருக்கிறீர்கள் என்றால் மாலை ஐந்தரை மணிவரை காத்திருக்கத்தான் வேண்டும். ஆலங்குளத்தில் ஒரு திருமணத்துக்குப் போயிருக்கிறான். என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. பால் ஊற்றும் பெண் சொன்னாள். ஒரே வளாகம், நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு கதவு, கதவில் இப்போது ஒரு பூட்டு. பூட்டு அவன் பக்கத்தில் தொங்குகிறது. அது ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

உபதேசியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே இங்கு வந்தார். முகம் வாடியிருந்தது. "டீச்சர், ஒங்க தம்பிக்கு நீங்கதான் புத்தி சொல்லணும். நான் பிரசங்கம் ஆரம்பிக்கையில அவரு பெஞ்சில இருந்து டிக்குன்னு ஒரு சத்தம். ஆமென்னு சொல்லையில இன்னொரு டிக்கு. வெளிய போயி முப்பத்தேழு நிமிசம் பதினாறு செகண்டுன்னு வாசல்ல நின்னு சொல்லுதாரு. எல்லாரும் சிரிக்காங்க" என்றார். நான் முறையாக விசாரித்தேன். விசாரித்ததில், அவன் கையில் கட்டியிருப்பது சாதாரணக் கடிகாரம் அன்று, பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள் உள்ளது, ஒன்றை அழுத்தினால் நொடிமுள் புறப்படும், மீண்டும் அழுத்தினால் நிற்கும், மற்றதை அழுத்தினால் பழைய இடத்துக்கு ஓடிவிடும் என்று தெரியவந்தது. உபதேசியாரிடம் நான் நடுநிலையோடு பேசினேன். குறிப்பு எழுதி வைத்துக்கொண்டால் அதே பிரசங்கத்தை இருபது நிமிடத்தில் முடிக்கலாம் என்றேன். எப்படி முடிக்கலாம் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதன்பின் அவர் அதைப் பற்றி என்னிடம் பேச வந்ததே இல்லை. திருந்தியிருப்பார்.

நான் எவருடைய காரியத்திலும் தலையிடுவதில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியப் பணி, அதில் பதினோராண்டு தலைமையாசிரியை. இந்தப் பாளையங்கோட்டையில் எவரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

ஜெபசிங் இரயில்வேயில் கார்டாக இருந்தவன். சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் தனியே உட்கார்ந்து முப்பது ஆண்டு பின்னோக்கியே பார்த்துக்கொண்டு பயணம் செய்தவன். அப்படிப்பட்டவனுக்குப் பழைய பொருள்மேல் ஆசை வருவதில் வியப்பில்லை. ஓய்வு பெற்றபோது அவனிடம் பதினொரு கடிகாரங்கள் இருந்தன. பதினொன்றும் நான் பிறப்பதற்கு முன் செய்யப்பட்டவை. பதினொன்றும் பதினொரு நேரம் காட்டும். நேரம் பார்க்க வேண்டுமென்றால் கைப்பேசியைப் பார்ப்பான்.

அந்தப் பதினொன்றில் தலைவன் ஒருவன் இருந்தான். அதற்கு என் தம்பி வைத்திருந்த பெயர் துரை. தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டியாக இருந்த ஒருவருடைய மகனிடம் இருபத்தைந்து ஆண்டுக்கு முன் வாங்கினானாம். சுவிட்சர்லாந்து நாட்டுக் கடிகாரம். நிறுவனத்தின் பெயரை என்னால் பிழையின்றி உச்சரிக்க முடியும். ஆனால் உச்சரிக்க மாட்டேன். உங்களுக்குத் தெரியும் என்கிறீர்கள். தெரிந்தாலும் கேளுங்கள். தெரியும் என்று மாணவர்கள் சொன்ன பாடத்தைத்தான் நான் இரண்டு முறை நடத்துவேன்.

துரை நேரத்தோடு நிற்கமாட்டார். கிழமை காட்டுவார், மாதம் காட்டுவார். இரண்டுக்கும் பன்னிரண்டு மணிக்குக் கீழே இரண்டு சிறிய சன்னல்கள். தேதி காட்டுவதற்கு நுனி சிவந்த தனி முள். இவை போதாவென்று ஓட்டப்பந்தயத்துக்கு நொடி எண்ணுவார். இத்தனையும் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய வட்டத்துக்குள். ஆனால் கிழமையும் மாதமும் ஸ்பானிய மொழியில். ஏனென்று கேட்டேன். தென் அமெரிக்காவுக்கென்று செய்ததாம்; அதனால்தான் அபூர்வமாம். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு இன்று வியாழக்கிழமை என்பதை ஸ்பானிய மொழியில் தெரிந்துகொள்ள இரண்டு பொத்தான், மூன்று சிறு வட்டம், ஏழு முள்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. எந்த மாதத்துக்கு முப்பது நாள், எதற்கு முப்பத்தொரு நாள் என்று துரைக்குத் தெரியாது. ஒன்றாம் வகுப்புக் குழந்தை கைமுட்டியை மடக்கி எண்ணிச் சொல்லிவிடும். துரைக்கு எல்லா மாதமும் முப்பத்தொன்று. ஆகவே ஆண்டுக்கு ஐந்து முறை, மாதம் பிறக்கும் காலையில், என் தம்பி ஜெபம் முடித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பல்குச்சி முனையால் துரையின் விலாவில் உள்ள சிறு குழியில் குத்தித் தேதியைத் திருத்துவான். அவன் மனைவி மெர்சி அந்த நேரத்தில் மிக்சியைக் கூடப் போடமாட்டாள்.

இதெல்லாம் அவன் வீட்டுக் காரியம். நான் தலையிடவில்லை.

சென்ற ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒருநாள் இங்கு வந்து, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் உட்கார்ந்தான். அவனுக்கு ஒரே மகள், ஹெப்சிபா. இயன்முறை மருத்துவம் படித்தவள். கை கால் விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து எழுப்பி நடக்க வைக்கும் படிப்பு, நல்ல படிப்புத்தான். வண்ணார்பேட்டையில் சாலையை ஒட்டித் தரைத்தளத்தில் ஓர் இடம் காலியாகிறது, நோயாளிகள் படி ஏற வேண்டியதில்லை, அங்கே சொந்தமாக நடத்தலாம் என்று அவளுக்கு ஆசை. இடத்துக்காரர் நான்கு இலட்சம் முன்பணம் கேட்டார்; ஜூலை பதினைந்துக்குள் வைக்க வேண்டும். மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையும் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. அவர்களுக்கும் அந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். தாய்க்கு உடம்பு சரியில்லை, அறுவை சிகிச்சைக்கு வேலூரில் நாள் குறித்திருந்தார்கள். ஆகையால் அந்தப் பெண் ஊரோடு இருக்கவே விரும்பினாள். இவ்வளவுதான் விஷயம்.

"நாலு லெச்சம் கேக்கான், அக்கா" என்றான் ஜெபசிங். சொல்லிவிட்டு மின்விசிறியைப் பார்த்தான். தூசி இருக்கிறதோ என்று நானும் பார்த்தேன். இல்லை.

கடன் வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. மறுபடியும் சொல்கிறேன்: வாய் திறந்து கேட்கவில்லை. என் ஓய்வுக்காலப் பணம் வைப்பு நிதியில் இருந்தது உண்மை. தவணைக்கு முன் எடுத்தால் வட்டியில் ஒரு விழுக்காடு பிடித்துக்கொள்வார்கள். கேட்காத ஒருவனுக்காக ஒரு விழுக்காட்டை யாராவது இழப்பார்களா? கேட்பவருக்கே கொடுக்க யோசிக்கிற காலம் இது. நான் அவனுக்குச் சிக்கனத்தைப் பற்றி அரைமணி நேரம் எடுத்துச் சொன்னேன். பதினொரு கடிகாரத்துக்குக் கொட்டிய பணத்தை அஞ்சலகத்தில் போட்டிருந்தால் இன்று எவ்வளவு ஆகியிருக்கும் என்பதைக் கூட்டுவட்டியோடு தாளில் போட்டுக் காட்டினேன். அன்றும் அவன் கையில் ஏதோ ஒரு கடிகாரம் கட்டியிருந்தான். பொத்தானை அழுத்தினானா என்று நான் கவனிக்கவில்லை.

எழுந்து போகும்போது சொன்னான், துரையை விற்கப் போகிறேன் என்று. கோயம்புத்தூரில் பஞ்சாலை வைத்திருக்கும் தாமோதரசாமி என்பவர் படத்தைப் பார்த்துவிட்டு நான்கு இலட்சத்து அறுபதாயிரத்துக்குக் கேட்டிருக்கிறாராம். ஜூலை எட்டாம் தேதி நேரில் வந்து, பார்த்து, பணத்தைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போவாராம்.

நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை, உங்களுக்கும் அதே பித்து. நாட்காட்டி ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. மளிகைக்கடையில் சாமான் வாங்கினால் அந்த ஐம்பதும் இல்லாமல் கிடைக்கிறது, இராகு காலம் உட்பட.

ஜூன் இருபத்தைந்தாம் தேதி அவர்கள் மூவரும் வேலூருக்குப் புறப்பட்டார்கள். பன்னிரண்டு நாள் ஆகும் என்றார்கள். புறப்படும் முன் ஜெபசிங் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். உள்ளே பழைய பனியன் துணியில் பொதிந்து துரை. விடுதியில் வைத்துக்கொள்ளப் பயம், பூட்டிய வீட்டில் விட்டுப்போகவும் பயம். இன்னொன்று, ஓடாமல் கிடந்தால் உள்ளே எண்ணெய் இறுகிவிடுமாம். வருகிறவர் கேட்டுப் பார்க்கும்போது துடிப்புச் சீராக இருக்க வேண்டுமாம்.

"காலையில இருவது சுத்து குடு, அக்கா. ஒண்ணாந்தேதி மட்டும் இந்த ரெண்டு குழியிலயும் ஒவ்வொரு குத்து. இது தேதிக்கு, இது மாசத்துக்கு. வேற ஒண்ணும் செய்யாத. ஒன்னய மாதிரி நேரந்தவறாம செய்ய இந்த ஊர்ல ஆள் கெடையாது."

அந்தக் கடைசி வார்த்தை உண்மை. அதைச் சொல்ல அவனுக்கு அறுபத்தொரு வயது ஆக வேண்டியிருந்தது.

நான் நாள்தோறும் காலை ஆறு மணிக்கு இருபது சுற்றுக் கொடுத்தேன். பத்தொன்பதும் இல்லை, இருபத்தொன்றும் இல்லை. ஜூலை முதல் நாள் காலை, துரை சற்றும் வெட்கமின்றி ஜூன் முப்பத்தொன்று என்று காட்டிக்கொண்டிருந்தார். பல்குச்சியைச் சீவி எடுத்துக்கொண்டேன். குழி கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. தேர்வுத்தாள் திருத்தும்போது நான் பயன்படுத்திய உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் வைத்துக் குனிந்தேன். அப்போதுதான் அந்த முகப்பை நான் முதன்முறையாக முழுமையாகப் பார்த்தேன்.

என்ன சொல்வது! கறுப்பாக இருந்திருக்க வேண்டிய முகப்பு, தீய்ந்த தோசையின் நிறத்தில் இருந்தது. நடுவில் கருகல், ஓரத்துக்கு வர வர சுக்குக்காப்பி. எண்களில் பூசியிருந்த பசை மஞ்சள் பூத்து, மூன்றாம் எண்ணில் ஒரு துணுக்கு உதிர்ந்திருந்தது. உறையிலோ கணக்கற்ற கீறல். இந்த முகத்தைப் பார்க்கவா ஒரு பெரிய மனிதர் கோயம்புத்தூரிலிருந்து புறப்பட்டு வருகிறார்? பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் முகங்கழுவாத பெண்ணையா கொண்டுவந்து நிறுத்துவது? நான்கு இலட்சம் வேண்டாம், நாலு பேர் முன் மரியாதை வேண்டாமா? என் பள்ளியில் அட்டை கிழிந்த நோட்டை நான் கையால் தொடமாட்டேன். புது அட்டை போட்டுக் கொண்டு வா என்று திருப்பி அனுப்புவேன். எத்தனையோ பேர் அப்படி உருப்பட்டார்கள்.

வேறொன்றும் செய்யாதே என்று அவன் சொன்னது உண்மை. ஆனால் அழுக்காகவே வைத்திரு என்று அவன் சொல்லவில்லை.

தேதியைத் திருத்திவிட்டு, பத்து மணிக்கு மார்க்கெட் பக்கம் காஜா முகைதீனின் கடிகாரக் கடைக்குப் போனேன். அவன் என் மாணவன். ஐந்தாம் வகுப்பில் பதினாறாம் வாய்ப்பாட்டில் ஏழாவது வரியோடு நின்றுவிடுவான். டப்பாவைத் திறந்ததும் கண்ணில் வில்லையை மாட்டிப் பார்த்தான். பார்த்தவன் முக்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டான்.

"டீச்சர், ஜெபசிங் சார் இதக் கொண்டுவந்தா நாங்க பேனை நிறுத்திட்டுத்தான் தெறப்போம். இதுல நான் கை வைக்கமாட்டேன். வேற ஆளுகிட்டயும் குடுத்துராதீங்க. சாருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு வாங்க."

அன்றுதான் மெர்சிக்கு அறுவை சிகிச்சை. மனைவியை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவனைப் போய்க் கடிகார அழுக்குக்காகத் தொந்தரவு செய்வது பண்பாகுமா? செய்யத் தெரியாதவன்தான் செய்யக் கூடாது என்பான். பதினாறேழு எவ்வளவு என்று காஜாவைக் கேட்டேன். இப்போதும் சற்று யோசித்துத்தான் சொன்னான்.

ஒரு தானி பிடித்து நேரே சந்திப்பு நிலையத்துக்குப் போனேன். அங்கே இரயிலடிக்கு எதிரே ஒரு கடை. கடைக்காரர் வில்லையெல்லாம் மாட்டவில்லை. பார்த்ததும், "புதுசாக்கிரலாம்மா" என்றார். அதுதான் தொழில் தெரிந்தவனின் பேச்சு. முகப்பை மட்டும் கழற்றி மதுரைக்கு அனுப்பினார். ஆம், உங்கள் ஊருக்குத்தான். கடிகார முகப்புக்குச் சாயம் பூசி எழுதுகிறவர் உங்கள் ஊரில் ஒருவர் இருக்கிறார், உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதா? தெரிந்துகொள்ளுங்கள், உதவும்.

என்ன நிறம் என்று கேட்டார்கள். வெள்ளை என்றேன். வயதானவனுக்குக் கண் தெரியட்டும். முகப்பின் வெளிவிளிம்பில் எறும்பு ஊர்வதுபோல் எண்கள் வரிசையாக இருந்தன. அவை எதற்கென்று கேட்டால் வண்டியின் வேகத்தைக் கணக்கிடுவதற்காம். ஓய்வுபெற்ற கார்டு இனி எந்த வண்டியின் வேகத்தைக் கணக்கிடப் போகிறான்? அதை எழுத வேண்டாம் என்றேன். அதனால் முகப்புக்கு ஒரு தெளிவு வந்தது. உறையையும் கீறல் போகத் தேய்த்து, புதுப் பாத்திரம்போல் மின்னச் செய்தார்கள். ஆறாம் தேதி கையில் வாங்கினேன். எண்ணூற்றைம்பது ரூபாய். அந்த வேலைக்கு அது அதிகமே இல்லை. தொண்ணூறு ரூபாய்க்கு நீல வெல்வெட்டுப் பெட்டி ஒன்றும் வாங்கினேன். பிஸ்கட் டப்பாவில் வைத்தா ஒரு சபையில் நீட்டுவது?

உங்கள் கையில் இருப்பதும் பழையதுதானே? இப்படிக் காட்டுங்கள். இதுவும் மஞ்சள் பூத்திருக்கிறது. கழற்றிக் கொடுத்தால் அந்தக் கடைக்காரரிடம்… ஏன் கையை இழுத்துக்கொள்கிறீர்கள்? சரி, உங்கள் விருப்பம். நான் தலையிடுவதில்லை.

ஏழாம் தேதி மாலை அவர்கள் ஊர் வந்து சேர்ந்தார்கள். மெர்சி தளர்ந்திருந்தாள், மற்றபடி நலம். ஜெபசிங் வந்த கையோடு கதவருகே நின்று துரையைக் கேட்டான். நாளைக் காலையில் அவர் வரும்போது நானே எடுத்துத் தருகிறேன், இங்கே என் வீட்டு முன்னறையில் வைத்துப் பேசுங்கள் என்றேன். அவன் முகத்தில் ஒரு தயக்கம் தெரிந்தது. ஆனால் பன்னிரண்டு நாள் காப்பாற்றிக் கொடுத்தவளிடம் என்ன சொல்வான்? சரி அக்கா என்றான்.

மறுநாள் பத்து மணிக்குத் தாமோதரசாமி வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வாசலில் பெரிய கார். தோல்பை ஒன்றை மடியிலேயே வைத்துக்கொண்டார். மெர்சியால் உட்கார முடியாது. ஹெப்சிபா வந்து நிலைப்படியருகே நின்றாள். அன்று அவள் வண்ணார்பேட்டை இடத்துக்காரரிடம் பதினொன்றரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாளாம், புறப்பட ஆயத்தமாகவே வந்திருந்தாள். நான் காப்பி கொடுத்தேன். பிறகு வெல்வெட்டுப் பெட்டியை அவர் முன் வைத்துத் திறந்தேன். சன்னல் வெளிச்சம் அதன்மேல் விழுந்தது. அறையே பளிச்சென்று ஆனது.

எல்லாரும் பெட்டியையே பார்த்தார்கள். அழகாக இருந்தால் அப்படித்தான்.

"ஏனுங்க சார், நாம பேசின வாட்ச் எங்கீங்க?" என்று என் தம்பியைக் கேட்டார் அவர்.

ஜெபசிங் எழுந்து வந்தான். பெட்டிக்குள் பார்த்தான். கையை நீட்டினான், ஆனால் தொடவில்லை. அவன் உதடு அசைந்ததைக் கண்டு, மகிழ்ச்சியில் பேச்சு வரவில்லை போலும் என்று எண்ணி நானே விளக்கினேன்: நிறம் தீய்ந்திருந்தது, கீறல் இருந்தது, எண் உதிர்ந்திருந்தது, தேவையில்லாத எண்களை நீக்கிவிட்டேன், ஐந்து நாளில் எல்லாம் சரிசெய்தாயிற்று.

தாமோதரசாமி வில்லையை எடுத்துக் கடிகாரத்தை முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு வில்லையை உறைக்குள் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். மரியாதையான மனிதர்தான், குரலை உயர்த்தவில்லை. "அம்மா, கறுப்பு மொகப்பு வெயில்ல கெடந்து எழுபது எம்பது வருசத்துல அந்த நெறத்துக்கு வந்ததுங்க. ஒலகத்துல அந்த மாதிரி பத்து இருந்தா அதிசயமுங்க. காசு குடுத்து அந்த நெறத்த யாராலயும் வாங்க முடியாது. நீங்க காசு குடுத்து அழிச்சிருக்கீங்க."

அழுக்குக்கு நாலரை இலட்சமா என்று நான் கேட்டேன். நியாயமான கேள்வி. அவரோ, உள்ளே இருக்கும் எந்திரத்துக்காக வேண்டுமானால் இருபத்தையாயிரம் தருவதாக ஜெபசிங்கிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். ஜெபசிங் வேண்டாம் என்று தலையசைத்தான். அவர் தோல்பையை எடுத்துக்கொண்டு, காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் புறப்பட்டார். கொடுக்க மனமில்லாதவன் காரணம் தேடுவான். இவருக்கு வெள்ளை கிடைத்தது.

ஹெப்சிபா சுவரோரம் போய்க் கைப்பேசியில் வண்ணார்பேட்டைக்காரருடன் பேசினாள். நீங்கள் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள் அண்ணாச்சி என்றாள். அழவில்லை. நல்ல பெண், நிதானமுள்ளவள். என்னிடம், "வாரேன், அத்தை" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஜெபசிங் மட்டும் நின்றான். வெல்வெட்டுப் பெட்டியை என் பக்கமே தள்ளிவிட்டு, துரையை எடுத்து அந்தப் பழைய பனியன் துணியில் சுற்றினான். குழந்தையைச் சுற்றுவதுபோல் சுற்றினான். அவ்வளவு பெரிய நாடகம். சுற்றி முடித்தபின் கேட்டான்.

"எதையுமே இருக்கிற மாதிரி விட்டு வைக்க ஒனக்குத் தெரியாதாக்கா?"

எனக்குத் தெரியாதா? என்னிடமா இந்தக் கேள்வி? தாய் இறந்தபின் அவனுக்குத் தலைசீவி, எழுத்துத் திருத்தி, இடக்கையால் எழுதிக்கொண்டிருந்தவனை வலக்கைக்கு மாற்றி, இரயில்வே தேர்வுக்கு விண்ணப்பம் எழுதிப் போட்டவள் நான். அவன் ஓவியப் பள்ளிக்குப் போகிறேன் என்று நின்ற காலம் அது. இருக்கிற மாதிரியே விட்டிருந்தால் இன்று ஏதாவது சுவரில் விளம்பரம் எழுதிக்கொண்டிருப்பான். இதையெல்லாம் அவனிடம் வரிசையாக எடுத்துச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "ஆமாக்கா, எல்லாம் நீதான்" என்று ஒப்புக்கொண்டான். பிறகு சுவர்க்கதவைத் தாண்டிப் போய், அந்தப் பக்கத்திலிருந்து சாத்தினான். சாயங்காலம் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. கொண்டி போடுகிறான் என்று மறுநாள்தான் தெரிந்தது.

ஹெப்சிபா ஜூலை இருபத்திரண்டாம் தேதி மஸ்கட்டுக்குப் புறப்பட்டாள். நல்ல சம்பளம், தங்குமிடம் இலவசம். வண்ணார்பேட்டையில் உட்கார்ந்திருந்தால் இவ்வளவு வருமா? அதை எண்ணிப் பார்த்தால் அவர்கள் எனக்கு நன்றி சொல்ல வேண்டும். மெர்சி மட்டும் கடிகாரத்தைப் பார்த்து, இப்போது அங்கே மணி என்ன, பிள்ளை சாப்பிட்டிருப்பாளா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். ஒன்றரை மணி நேரம் கழிக்க வேண்டும். இவ்வளவு எளிய கணக்கு. நான் எழுதிக் கொடுத்திருப்பேன், கதவு திறந்திருந்தால்.

கோயிலில் அவன் இப்போது என் வரிசையில் உட்காருவதில்லை. எட்டு வரிசை முன்னால் போய்விட்டான். கண்பார்வை குறைந்திருக்கும். பொத்தான் சத்தமும் கேட்பதில்லை. உபதேசியார் இப்போது நாற்பத்தைந்து நிமிடம் பேசுகிறார்.

ஆனால் செய்த வேலைக்குக் கணக்கென்று ஒன்று உண்டு. அவனுடைய பொருளுக்காக நான் செலவழித்தது அவன் பொறுப்பு. முகப்புக்கும் உறைக்கும் எண்ணூற்றைம்பது, பெட்டிக்குத் தொண்ணூறு, சந்திப்பு நிலையத்துக்கு இருமுறை போய்வந்த தானிக்கூலி இருநூறு. வெள்ளைத்தாளில் கோடு போட்டு எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிட்டு, கதவின் கீழே தள்ளினேன். பதில் இல்லை. மறுமாதம் நினைவூட்டுக் கடிதம் ஒன்று தள்ளினேன். அதன் மறுமாதமும் தள்ளினேன். காஜா முகைதீன் வழியில் பார்த்து, "டீச்சர், சாருகிட்டப் போயி அதக் கேக்காதீங்க டீச்சர், பாவம்" என்றான். பணத்தாசை என்று அவன் நினைத்துக்கொண்டான். பணம் யாருக்கு வேண்டும்? ஒழுங்கு வேண்டும். தம்பி என்பதற்காகக் கணக்கை விட்டுக்கொடுத்தால் நாளைக்கு அவன் யாரிடம் எதை மதிப்பான்? எட்டு மாதம் பொறுத்தேன். எட்டு நினைவூட்டல்.

என்ன, எழுந்துவிட்டீர்கள்? ஐந்தரைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வெளியில் நின்றா காத்திருக்கப் போகிறீர்கள்? வெயில் கடுமையாக இருக்கிறது. சரி, நின்றுகொண்டே கேளுங்கள், முடிந்துவிட்டது.

சென்ற மாதம் உபதேசியார் தங்கையா வாசலில் நின்று ஓர் உறையை நீட்டினார். உள்ளே வரச் சொன்னேன், வேலை இருக்கிறது என்று போய்விட்டார். உறைக்குள் ஹெப்சிபா எழுதிய ஒரு துண்டுத்தாள். மஸ்கட்டிலிருந்து அவருடைய மகன் வந்தபோது கொடுத்தனுப்பியிருக்கிறாள். 'அத்தை, அப்பாவிடம் இனிமேல் எதையும் கேட்க வேண்டாம். ஹெப்சிபா.' நலம் விசாரிப்பு இல்லை, வணக்கம் இல்லை. வெளிநாட்டில் நேரம் கிடைப்பதில்லை போலும். ஆனால் கூடவே வைத்திருந்த பணத்தை எண்ணிப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வேறொருத்தியாக இருந்தால் இருக்கட்டும் என்று ஆயிரத்து இருநூறாக வைத்திருப்பாள், அல்லது ஆயிரத்தோடு நிறுத்தியிருப்பாள். இவள் என் தம்பி மகள். இரண்டு ஐந்நூறு, ஒரு நூறு, இரண்டு இருபது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை: ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.